ஆடிக் காற்றில் குளிர்ந்த கடல்

ஆடி 4, குற்றாலம்

தென்காசி தாண்டும்போதே பஸ் ஜன்னல் கம்பியில் சாரல் முத்து முத்தாகத் தொங்க ஆரம்பித்துவிட்டது. பாளையங்கோட்டையில் ஏறும்போது வியர்வையில் ஒட்டிய சட்டை, இங்கே இறங்கும்போது ஈரத்தில் ஒட்டுகிறது. ஐந்தருவியில் நல்ல தண்ணீர். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களோடு நானும் நின்று தலையைக் கொடுத்தேன்.

ஆனால் நான் கிளம்பியது குளியலுக்காக இல்லை. ஒரு பையனுக்குத் தப்பாகச் சொன்ன பதிலைத் திருத்த வேண்டியிருக்கிறது. பதினோரு வருடம் முன்பு, பிளஸ் ஒன் வேதியியல் வகுப்பில் இடிந்தகரைப் பையன் ஒருவன் எழுந்து நின்றான். "சார், ஆடி மாசம் எங்க ஊர்ல ஒரு பொட்டு மழை கெடையாது. வெயிலும் காத்தும்தான். ஆனா கடல்ல காலை வச்சா வெடவெடன்னு குளுருது. சித்திரையில வெந்நி மாதிரி கெடந்த தண்ணி ஆடியில எப்படி சார் குளுந்துச்சு?"

நான் யோசிக்காமல் சொன்னேன்: "மேக்க மலையில மழை பெய்யுதுல்லா, அது ஆத்து வழியா வந்து கடல்ல கலக்கு. அதான்." வகுப்பு ஏற்றுக்கொண்டது. அவன் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தான். ஒப்புக்கொண்டவனின் தலையாட்டல் இல்லை அது. கடல்காரன் பிள்ளை, ஆற்றுத் தண்ணீர் எது, கடல் தண்ணீர் எது என்று அவனுக்குத் தெரியாதா?

பல வருடம் கழித்து, பருவக்காற்றும் கடல்நீர் வேதியியலும் பற்றிப் படிக்கப் படிக்கத்தான் என் பதில் எவ்வளவு தப்பு என்று உறைத்தது. போன மாதம் அவனுக்குப் போன் பண்ணினேன். இப்போது சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறான். "வாங்க சார், ஆடியிலயே வாங்க. கையை வச்சுப் பாத்துட்டே சொல்லுங்க" என்றான். சரி, நான் சொன்ன தப்பான வழியிலேயே போய்ப் பார்ப்போம் என்று மலையில் இருந்து தொடங்கியிருக்கிறேன்.

சாயங்காலம் செங்கோட்டைப் பக்கம் நடந்தேன். கணவாய் வழியாகக் காற்று ஆளைத் தள்ளுகிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே கிளம்பி, சோமாலியா கரையோரம் திரும்பி, அரபிக் கடல் முழுக்க ஈரத்தை அள்ளிக்கொண்டு வரும் காற்று இது. பாரத்தின் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கமே மலையாளக் கரையில் இறக்கிவிடுகிறது. குற்றாலத்துக்குக் கிடைப்பது மிச்சம். அம்பாசமுத்திரம் தாண்டினால் அந்த மிச்சமும் குறைந்து, கடற்கரைக்குப் போகும்போது வெறும் காற்றாகிவிடுகிறது. வெறும் காற்று என்று நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

ஆடி 5, ஸ்ரீவைகுண்டம், புன்னைக்காயல்

பையில் பள்ளி ஆய்வக வெப்பமானி ஒன்று, மூன்று கண்ணாடிப் பாட்டில், ஒரு பிளாஸ்க், இரண்டு சின்ன மருந்துக் குப்பி. குப்பிகளைப் பற்றி ஆடி 7இல் சொல்கிறேன்.

தாமிரபரணியோடு கீழே இறங்கினேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் நின்றால் என் பழைய பதில் அங்கேயே உடைகிறது. மலையில் பெய்வதில் பெரும்பகுதி பாபநாசம் அணையில் நிற்கிறது. திறந்துவிடுவதை வழியெல்லாம் கார் பருவ நெல் நடவுக்குக் கால்வாய்கள் வாங்கிக்கொள்கின்றன. அணைக்கட்டைத் தாண்டிப் போவது ஒல்லியான ஓட்டம். அந்த ஓட்டத்தில் வெப்பமானியை விட்டேன்: 30 டிகிரி. ஆறு கடலைக் குளிர்விக்கவில்லை. குளிர்விக்க அதனிடம் குளிரும் இல்லை, தண்ணீரும் இல்லை.

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் பெரியவர் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஆற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டேன். "ஆத்துத் தண்ணியா? ஐப்பசி கார்த்திகையில வாங்க. இப்பம் கடல்தான் ஆத்துக்குள்ள போவுது" என்றார். வேலியேற்றத்தில் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

இங்கிருந்து வடக்கே பழையகாயல், அதற்கும் உள்ளே கொற்கை. ஒரு காலத்தில் துறைமுகம், இன்று வயலும் வாழையும். முத்துக்குளிப்பு இந்தக் கடலில் மாசி, பங்குனி, சித்திரையில்தான் நடக்கும். வாடை என்ற வடகிழக்குக் காற்றும் ஓய்ந்து, கச்சான் என்ற தென்மேற்குக் காற்றும் தொடங்காத அந்த இடைவெளியில்தான் தண்ணீர் தெளிந்து, முத்துச்சிப்பி கிடக்கும் பார் கண்ணுக்குத் தெரியும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளித்தது 1961இல்.

ஆடி 6, மணப்பாடு, உவரி

திருச்செந்தூருக்குத் தெற்கே ரோட்டில் மணல் ஓடுகிறது. வலப்பக்கம் தேரி. இந்தச் செம்மணல் மேடுகளை மேற்கிலிருந்து கொண்டுவந்து குவித்தது இதே ஆடிக் காற்றுதான். பஸ் கண்டக்டர் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு டிக்கெட் கிழித்தார். மணப்பாட்டில் குன்றின் மேல் நிற்க முடியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

உவரியில் அந்தோனியார் கோயிலுக்குப் பின்னால் கரையில் இறங்கிக் காலை வைத்தேன். அவன் சொன்னது அப்படியே இருந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில், காலடியில் கிணற்றுத் தண்ணீர் போன்ற கடல். வெப்பமானி 26 காட்டியது.

காரணத்தை நேரே சொல்லிவிடுகிறேன். நார்வே நாட்டு நான்சென் 1893இல் ஃப்ராம் என்ற கப்பலை வட துருவப் பனிக்குள் சிக்கவிட்டு, அதோடு மிதந்து போனார். பனிப்பாளங்கள் காற்று போகும் திசையில் போகாமல், கொஞ்சம் வலப்பக்கம் விலகிப் போவதைக் குறித்துவைத்தார். அதற்குக் கணக்குப் போட்டவர் சுவீடனின் எக்மன். 1905இல் வெளியிட்டார். பூமி சுழல்வதால், நம் பாதி உலகத்தில் காற்று தள்ளும் மேல்தண்ணீர் மொத்தத்தில் காற்றுக்கு வலப்பக்கம் விலகுகிறது.

இப்போது கூட்டப்புளி முதல் உவரி வரை உள்ள கரையை மனதில் கொண்டுவாருங்கள். நிலம் வடக்கே, கடல் தெற்கே. கச்சான் மேற்கிலிருந்து கிழக்கே கரையை ஒட்டி வீசுகிறது. அதற்கு வலப்பக்கம் என்றால் தெற்கு, அதாவது ஆழ்கடல் பக்கம். சூடேறிய மேல்தண்ணீர் கரையை விட்டு விலகிப் போகிறது. பால் டம்ளரில் ஆடையை ஊதி ஒதுக்கினால் அடியில் இருக்கும் பால் மேலே தெரியுமே, அதுபோலக் கீழே வெயில் படாமல் கிடந்த குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறுகிறது. கேரளக் கரை முழுக்க இதே மாதங்களில் இது நடக்கிறது. குமரி முனையில் கணவாய்க் காற்றும் சேர்ந்துகொள்வதால் இன்னும் பலமாக நடக்கிறது.

பையனின் கேள்விக்கு விடை இவ்வளவுதான். மழையால் குளிரவில்லை, காற்றால் குளிர்ந்தது. ஆனால் இதோடு நின்றால் கதையில் பாதிதான். மேலே வருவது குளிர் மட்டும் இல்லை.

ஆடி 7, இடிந்தகரை

நேற்று ராத்திரியே வந்துவிட்டேன். என் மாணவன் ஸ்டாண்டில் பைக்கோடு நின்றான். என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான், உள்ளங்கை முழுக்கக் கயிற்றுக் காய்ப்பு. வீட்டு வாசலில் அவன் அம்மா, "வாங்க சார், இவன் வாயில எப்பமும் ஒங்க பேருதான்" என்றார். மீன் குழம்பும் சோறும். சாளை. முள்ளெல்லாம் நெய்.

விடிகாலை அவனோடு கடலுக்குப் போகலாம் என்றிருந்தேன். மூன்று மணிக்கு எழுந்து வானத்தைப் பார்த்தான், மணலைப் பார்த்தான். "காத்து கடல் சார். ஒங்களை ஏத்த மாட்டேன். நான் போயிட்டு வெள்ளன வந்திருதேன். என்ன எடுக்கணும்னு சொல்லுங்க" என்றான். மறுத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்தபோது இந்தக் கரையும் பக்கத்துக் கரைகளும் எப்படி அழுதன என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் எடுக்கும் கருவியை வாசலில் உட்கார்ந்து செய்தோம். பாட்டிலின் அடியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள். கழுத்தில் கயிறு. வாயில் தக்கை, தக்கைக்குத் தனியாக ஒரு நரம்பு. பாட்டிலை மூடியபடியே இறக்க வேண்டும். ஆழம் சேர்ந்ததும் நரம்பைச் சுண்டினால் தக்கை பிடுங்கிக்கொள்ளும், அந்த ஆழத்துத் தண்ணீர் உள்ளே புகும். மேலே வந்ததும் குமிழி நிற்காமல் நிரப்பி மூட வேண்டும். ஒரு தடவை சொன்னேன், பிடித்துக்கொண்டான். "எத்தனை பாகத்துல சார்?" மேலாக ஒன்று, பதினைந்து பாகத்தில் ஒன்று என்றேன். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி.

ஒன்பது மணிக்குப் படகு கரையேறியது. பிளாஸ்கில் ஊற்றிவந்த ஆழத்துத் தண்ணீரில் வெப்பமானி 23.5 காட்டியது. மேல்தண்ணீர் 26. சித்திரையில் இதே கடலில் மேலே 30 இருக்கும்.

இனி அந்த இரண்டு குப்பிகள். ஒன்றில் மாங்கனீசு சல்பேட் கரைசல், மற்றதில் காரம் சேர்த்த பொட்டாசியம் அயோடைடு. ஹங்கேரி வேதியியலாளர் விங்க்ளர் 1888இல் கண்டுபிடித்த முறை, கடலாய்வில் இன்றும் நிற்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் வீழ்படிவு பழுப்பாகும். எவ்வளவு ஆக்சிஜனோ அவ்வளவு பழுப்பு. அறவே இல்லையென்றால் வெள்ளை.

இரண்டு பாட்டிலையும் திண்ணையில் வைத்து, பாட்டிலுக்கு இரண்டு குப்பியிலிருந்தும் சில சொட்டு விட்டு மூடித் தலைகீழாக ஆட்டினேன். தெருப்பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மேல்தண்ணீர்ப் பாட்டிலில் மேகம்போல ஒன்று திரண்டு, கருப்பட்டி நிறத்துக்குப் போய் மெல்ல அடியில் இறங்கியது. பதினைந்து பாகத்துப் பாட்டிலில் முதலில் பால்போல வெளுத்தது. பிறகு லேசாகச் சந்தனம் கரைத்த மாதிரி ஆகி அதோடு நின்றுவிட்டது. பாட்டில் நிரம்பும்போது கொஞ்சம் காற்றும் கலந்திருக்கும், அப்படியும் இந்த வித்தியாசம். மாணவன் இரண்டையும் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப அடித்தண்ணியில மீனுக்கு மூச்சு முட்டும்லா சார்?"

முட்டும். அடியில் கிடப்பவை கரைப்பக்கமும் மேலேயும் ஒதுங்கும். "அதான் சில நாள் சிங்கி இறால் ஒரேயடியா கரைக்குக் கிட்ட ஏறுது" என்றான் அவனாகவே. இந்த ஊர் சிங்கி இறாலுக்குப் பேர்போனது. அவன் சொல்லும் அந்த நாட்களுக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை நான் தலையாட்டியது உண்மையான தலையாட்டல்.

ஏன் ஆழத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு? மேலே வாழ்ந்து செத்ததெல்லாம் அடியில் இறங்கி மக்குகிறது. மக்கும் வேலைக்கு ஆக்சிஜன் செலவாகிறது. மக்கியதிலிருந்து நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் எல்லாம் தண்ணீரில் கரைந்து சேர்கின்றன, கூடவே கார்பன் டை ஆக்சைடும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எருக்குழிதான் அது. மூக்கை வைக்க முடியாது, ஆனால் வயலுக்கு அதுதான் உயிர்.

எந்த வாத்தியாருக்கும் ஆசையாக இருக்கும் கணக்கு ஒன்று இதில் உண்டு. ரெட்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1934இல் கவனித்து, பின்னால் திருத்திய கணக்கு: கடலின் நுண்ணுயிர்ப் பயிரில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சுமார் 16 நைட்ரஜன் அணு. ஆழ்கடல் தண்ணீரில் கரைந்திருப்பதும் ஏறத்தாழ அதே விகிதம். வயலுக்கு யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் அளந்து போடுகிறோமே, கடலுக்கு அளவு அதனுள்ளேயே இருக்கிறது. வெயில் படும் மேல்மட்டத்தில் அந்த உரம் சீக்கிரம் தீர்ந்துபோகும். வெயில் இல்லாத ஆழத்தில் உரம் சும்மா கிடக்கும். இரண்டையும் சேர்த்துவைப்பது கச்சான்.

சேர்ந்த சில நாளிலேயே டயாட்டம் பூக்கிறது. கண்ணாடிக் கூட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசி, சிலிக்கேட் இல்லாமல் அதற்கு வீடு கட்ட முடியாது. ஒரு நாளில் ஒன்று இரண்டாகும். அதைத் தின்று சாளை கொழுக்கிறது. சாளை முட்டையிடுவதும் இந்தக் காலத்தில்தான். குஞ்சு கண் திறக்கும்போது சோறு பரிமாறியிருக்கும். நெத்திலிக்கும் இதே கணக்குத்தான். 1970களில் கொச்சியிலிருந்து கப்பலில் எதிரொலிக் கருவி வைத்துத் தேடியவர்கள், கச்சான் காலத்தில் நெத்திலிக் கூட்டம் மேற்குக் கரையோடு தெற்கே இறங்கி, குமரி முனைப் பக்கமும் மன்னார் வளைகுடாவிலும் வந்து திரள்வதைக் கண்டார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவன் அம்மா முறத்தில் நெத்திலி அள்ளிக்கொண்டிருந்தார். "ஆடி ஆவணியில வார நெத்திலி காஞ்சாலும் வெள்ளிதான்" என்றார், கையை நிறுத்தாமல்.

நேற்றுவரை வறண்ட கரை என்று நான் நினைத்திருந்த இந்தக் கரைக்கு ஆடியில் மழை இல்லைதான். மழையைக் குற்றாலத்தில் விட்டுவிட்டு வந்த அதே காற்று, இங்கே கடலை உழுது எரு போடுகிறது.

ஆடி 8, இடிந்தகரை

இன்று ஒரு படகும் இறங்கவில்லை. காற்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அது முடிந்த சூட்டிலேயே கச்சான் தொடங்கிவிடும். கடல் விளையும் காலமும் கடலுக்குப் போக முடியாத காலமும் ஒன்றாக வருவது இந்த மக்களின் பாடு. அந்தச் சொல்லே இங்கே மீன்பிடிப்புக்கும் பேர். "பாடு எப்படி?" என்றுதான் கரையில் ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்கள்.

சும்மா இருந்த நேரத்தில் அவன் கேட்டான்: "காத்து பிந்திப்போனா என்ன சார் ஆவும்?" சொன்னேன். சித்திரை, வைகாசியில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் சூட்டில் தவிக்கும். 2010இலும் 2016இலும் வெளுத்துப்போயின. கச்சான் வந்து தண்ணீரைக் கலக்கிக் குளிர வைப்பதுதான் அவற்றுக்கு ஆறுதல்.

அளவு மீறினாலும் கேடு. கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்தார் 2000இல் எழுதினார்கள்: மேற்குக் கரையில் கச்சான் முடியும் மாதங்களில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக அற்றே போகிறது. நம் பக்கம் 2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியதே, அதற்குக் காரணமான பூங்கோரை என்ற நுண்ணுயிரும் ஊட்டம் மிகுந்த தண்ணீரில் பெருகுவதுதான்.

எனக்கு உண்மையில் பயம் தருவது வேறொன்று. கடலின் மேல்தண்ணீருக்குப் பி.எச். சுமார் 8.1. தொழிற்சாலைக் காலம் தொடங்கியபின் நாம் விட்ட புகையின் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு 0.1 இறங்கியிருக்கிறது. கேட்கச் சின்னது. மடக்கை அளவில் அது அமிலத்தன்மையில் கால் பங்குக்கு மேல் கூடுதல். ஆழத்திலிருந்து ஏறிவரும் தண்ணீரில் ஏற்கனவே கார்பன் டை ஆக்சைடு அதிகம். இரண்டும் சேரும் இடத்தில்தான் சங்கும் சிப்பியும் ஓடு கட்டியாக வேண்டும். கொற்கைச் சிப்பியின் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கொடுமை இது. இதை வகுப்பில் சொல்லாமல் இனி பி.எச். பாடம் நடத்த மாட்டேன்.

கார்த்திகை 19, புன்னைக்காயல்

நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே முகத்துவாரம். மாணவன் இடிந்தகரையிலிருந்து பைக்கில் வந்துவிட்டான். வாடை அடிக்கிறது. மூன்று நாள் மழைக்குப் பிறகு இன்று வெளிவாங்கியிருக்கிறது. தாமிரபரணி செம்மண் நிறத்தில் கடலுக்குள் நாக்கை நீட்டிக்கொண்டு போகிறது. 2023 டிசம்பர் 17, 18இல் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது இந்த நாக்கு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

தெரிந்தவர் படகில் அரைமணி நேரம் போனோம். இந்த முறை என்னையும் ஏற்றிக்கொண்டான். கலங்கலுக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு கோடு, கோட்டின் மேல் நுரையும் தென்னமட்டையும். கலங்கல் பக்கம் மேல்தண்ணீர் ஒரு லிட்டர், அதே இடத்தில் நான்கு பாகம் கீழே ஒரு லிட்டர் எடுத்தோம்.

ராத்திரி பாளையங்கோட்டை வீட்டில், வடிகட்டிய இரண்டையும் தனித்தனிச் சட்டியில் சுண்டக் காய்ச்சினேன். மேல்தண்ணீரில் 19 கிராம். கீழ்த்தண்ணீரில் 33 கிராம். ஆடியில் இடிந்தகரையிலிருந்து கொண்டுவந்ததைக் காய்ச்சியபோது 36 இருந்தது, அதில் கொஞ்சம் ஈரமும் ஒட்டியிருந்தது. இலேசான நன்னீர் எண்ணெய் மாதிரி மேலே படர்ந்து கிடக்கிறது.

வங்கக் கடல் முழுவதுமே இப்படித்தான். கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கொட்டும் நன்னீர் மூடிபோல் மேலே கிடப்பதால், காற்று எவ்வளவு அடித்தாலும் அடியில் இருக்கும் உரம் சுலபத்தில் மேலே வருவதில்லை. ஆகவே அரபிக் கடல் அளவுக்கு வங்கக் கடல் விளைவதில்லை. வாடைக் காலத்தில் இந்த உப்புக் குறைந்த தண்ணீர் கரையோடு தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, குமரிக்குத் தெற்கே அரபிக் கடலுக்குள் போய்ச் சேர்கிறது. ஆடியில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடிய நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், கார்த்திகையில் கிழக்கிலிருந்து மேற்கே. காற்று திரும்பினால் கடலும் திரும்புகிற கடல் இது.

படகில் திரும்பும்போது இதைச் சொன்னேன். கங்கைத் தண்ணீர் அவன் ஊர்க் கடலுக்குத் தெற்கே போகிறது என்பதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, பதினோரு வருடம் முன்பு நான் சொன்ன பதில் தப்பு என்று அவனிடம் முறையாகச் சொன்னேன். இடிந்தகரையில் விளக்கம் சொன்னபோது இதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"அன்னைக்கே தெரியும் சார்" என்றான். "ஆத்துத் தண்ணி கலந்தா கரிக்காதுல்லா. ஆடியில நல்லாவே கரிக்கும்."

கரை வந்ததும் பைக் பெட்டியைத் திறந்து ஒரு கயிற்றுக் கட்டை எடுத்துக் காட்டினான். புது நைலான் கயிறு. பாகத்துக்கு ஒரு முடிச்சு, ஐந்தாவது முடிச்சில் எல்லாம் சிவப்புத் துணி. எண்ணிப் பார்த்தேன், நாற்பது முடிச்சு.

"ஆடிக்கு வாங்க சார். குப்பியையும் மறக்காம கொண்டாங்க."